விழாக் காணும் குழந்தை: பழந்தமிழ்ச் சான்றுகளும் பிற்கால வரலாறும்

முன்னுரை

தமிழர் விழாக்கள் குறித்த ஆய்வுகள் பலவாகப் பெருகியுள்ளன. விழாவை எடுத்த வேந்தன், அதனை நடத்திய கோயில், ஆடிய கூத்தியர், பாடிய பாணர், பொருள் விற்ற வணிகர் ஆகியோர் பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் எல்லா விழாக்களிலும், எல்லாக் காலத்திலும், பெருந்தொகையினராக வந்து நின்ற ஒரு பிரிவினர் பற்றிய தனிநோக்கு மிகக் குறைவு. அவர்கள் தாயின் இடுப்பிலும் தந்தையின் தோளிலும் அமர்ந்து விழாக் கண்ட சிறு குழந்தைகள். தாமாக வர இயலாதவர்கள்; அழைத்து வரப்படுபவர்கள். யார் அழைத்து வந்தனர், எதற்காக அழைத்து வந்தனர், வந்த இடத்தில் குழந்தைக்கு நேர்ந்தது யாது என்னும் வினாக்களைச் சான்றுகளின் முன் வைத்து விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு முதன்மைச் சான்றுகளாக மதுரைக்காஞ்சி, பரிபாடல், கலித்தொகை, மணிமேகலை ஆகிய நூல்களும், துணைச் சான்றுகளாகப் பெரியாழ்வார் திருமொழி, பெரியபுராணம், உலா, பிள்ளைத்தமிழ் ஆகியனவும் கொள்ளப்படுகின்றன. இறுதிப் பகுதியில் இவ்வினாக்கள் இருபதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் எவ்வாறு தொடர்கின்றன என்பது சுருக்கமாக நோக்கப்படுகிறது. விழாவில் குழந்தை காண்போனாகவும் காட்சிப்பொருளாகவும் ஒருங்கே அமைகிறது என்பதும், இவ்விரட்டைத் தன்மையே குழந்தையை விழாவுக்கு அழைத்துச் செல்லும் வரலாற்றின் மகிழ்ச்சிக்கும் இடருக்கும் அடிப்படை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

மதுரைக்காஞ்சி காட்டும் அந்தி வழிபாடு

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளை உடையது. மதுரை நகரின் ஒரு நாளைப் பகல், மாலை, இரவு, வைகறை என அது நிரல்படக் காட்டுகிறது. அந்நிரலில் அந்திக்கால விழாவில் இசைக்கருவிகள் முழங்குவதைக் கூறியபின், புலவர் ஒரு பள்ளியின் வாயிலுக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். கடவுட்பள்ளி எனப்படும் அவ்விடம் பௌத்தப் பள்ளி என்று கொள்ளப்படுகிறது.

அங்கே வரும் பெண்டிர் கையில் பூவும் நறும்புகைப் பொருளும் உள்ளன. அவற்றோடு அவர்கள் தம் சிறு குழந்தைகளையும் தழுவிக் காத்துக் கொண்டு வருகின்றனர். குழந்தைகள் ஒளிவிடும் மதாணி அணிந்தவர்கள். அவர்களைத் தாயர் ஏந்தியிருக்கும் தோற்றத்தைத் தாது நிறைந்த தாமரைப் பூவை ஏந்துவதற்குப் புலவர் ஒப்பிடுகிறார். இவ்வுவமை வெறும் அழகு குறித்தது மட்டும் அன்று. வழிபாட்டுக்கு வருவோர் கையில் ஏந்தி வருவது மலரையே. குழந்தையும் மலரைப் போல ஏந்தப்படுகிறது எனும்போது, இறைமுன் கொணரப்படும் பொருள்களுள் குழந்தையும் ஒன்றாகிறது. குழந்தை வழிபாட்டைக் காண வந்ததா, வழிபாட்டின் பகுதியாகவே வந்ததா என்னும் வினா இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மேலும் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. அதே நூல் பிறிதோரிடத்தில் மாயோனுக்குரிய ஓணநாளை விவரிக்கிறது. அங்கு மறவர்களின் சேரிப்போரும் களிறு ஓட்டுதலும் பேசப்படுகின்றன. அந்த ஆரவாரத்தினுள் குழந்தைகள் காட்டப்படவில்லை. புலவர் குழந்தைகளை வைத்தது அந்திப்பொழுதின் அமைதியான பள்ளி வாயிலில்தான். எல்லா விழாவும் குழந்தைக்கு ஏற்ற விழா அன்று என்னும் பகுத்தறிவு அக்கால வாழ்வில் இருந்ததை இவ்வைப்புமுறை உணர்த்துவதாகக் கொள்ளலாம். இலக்கியத்தில் கூறப்படாமையை மட்டும் கொண்டு உறுதியாக முடிவு செய்தல் இயலாது எனினும், ஒரே நூலில் இரு விழாக்கள் இவ்வாறு வேறுபடுத்தப்படுவது தற்செயலானது என்று ஒதுக்கத்தக்கதன்று.

பரிபாடலில் வழி தவறிய பேதை

விழாக் கூட்டத்தில் குழந்தை காணாமற்போதல் இக்காலத்துச் செய்தி என்றே பலரும் எண்ணுவர். ஆனால் அதற்குப் பரிபாடலிலேயே சான்று உள்ளது. நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து முருகனைப் பற்றியது. மதுரையிலிருந்து குன்றம் வரை மக்கள் நெருங்கிச் செல்வதும், பாண்டியன் தன் மகளிரோடும் அமைச்சரோடும் குன்றை வலம் வருவதும் அதில் கூறப்படுகின்றன. அங்குள்ள எழுத்துநிலை மண்டபத்தில் கோள்களின் அமைப்பும், காமனும் இரதியும், அகலிகையின் வரலாறும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்க, அறியாதோர் வினவ அறிந்தோர் சுட்டிக்காட்டி விளக்குகின்றனர்.

அதே பாடலில்தான் பேதை ஒருத்தி வருகிறாள். தன் சுற்றத்தாரிடமிருந்து பிரிந்து, பாறைகளின் இடையிடையே புகுந்து, வந்த வழியை மறந்துவிடுகிறாள். உரத்த குரலில் தன்னவரைக் கூவி அழைக்கிறாள். குரல் அவர்களைச் சென்று சேரவில்லை. மலைமுழைகள் அதனை ஏற்று எதிரொலிக்கின்றன. தன்னவரே மறுமொழி கூறுகின்றனர் என்று நம்பி ஒலி வந்த திசைக்குச் செல்கிறாள். அங்கு எவரும் இல்லை. மீண்டு வந்து மறுபடியும் கூவுகிறாள்.

பேதை என்னும் சொல் பிற்காலப் பாட்டியல் மரபில் ஐந்து முதல் ஏழு வயதுவரை உள்ள சிறுமியைக் குறிக்கும். அப்பருவப் பகுப்பைப் பரிபாடலின் மீது அப்படியே ஏற்றுதல் பொருந்தாது; அறியாமை உடைய இளம்பெண் என்னும் பொதுப்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஆயினும் எதிரொலியைத் தன்னவர் குரல் என நம்பும் செயல் சிறு பருவத்துக்கே இயல்பானது. எனவே இவளைச் சிறுமியாகக் கொள்வது பொருத்தமுடையது.

புலவர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானது. அவர் இதனைத் துன்பமாகக் காட்டவில்லை. குன்றின் இயல்புகளுள் ஒன்றாக, நகைச்சுவை தோன்றக் கூறி மேற்செல்கிறார். அவள் சுற்றத்தாரிடம் சேர்ந்தாளா என்பதும் கூறப்படவில்லை. குழந்தையின் அச்சக்குரல் குன்றின் அழகுக்கு ஓர் அணியாகிவிடுகிறது. ஓவியத்தைக் காண வந்தவள் தானே கவிஞரின் ஓவியமாகிவிடுகிறாள். அவள் அச்சத்தைப் புலவர் கேட்டிருக்கிறார். எதிரொலியை நம்பிச் செல்லும் அவள் மனத்தையும் நுட்பமாக அறிந்திருக்கிறார். ஆனால் அவ்வச்சத்தின் பக்கம் நின்று அவர் பேசவில்லை. பெரியோர் கண்கொண்டு எழுதப்பட்ட விழா வருணனையின் எல்லை இது எனலாம்.

கலித்தொகை: அழைத்துச் செல்வோரும் காத்திருப்போரும்

குழந்தையைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எப்போதும் தாயிடமே இருந்ததா? மருதக்கலிப் பாடல்கள் இதற்கு விடை தருகின்றன. கலித்தொகை 82, 84 ஆகிய பாடல்களில் தலைவி தன் மகனைச் சேடியிடம் ஒப்படைத்து, கடவுளர் கோயில்களை வலம் செய்வித்து அழைத்து வருமாறு அனுப்புகிறாள். சென்றவள் விரைவில் திரும்பவில்லை. பால் கட்டிய மார்போடு தாய் காத்திருக்கிறாள். பின்னர் வந்தவளிடம், இவ்வளவு நேரம் எங்கே சென்றாய், யார் இல்லத்தில் தங்கினாய் என்று ஊடலும் சினமுமாக வினவுகிறாள். குழந்தை தன் தந்தையோடு தொடர்புடைய பரத்தையர் இல்லங்களுக்குச் சென்று வந்ததே அவளது ஐயத்துக்கும் வருத்தத்துக்கும் காரணம்.

அகப்பொருள் நோக்கில் இப்பாடல்கள் தலைவனின் ஒழுக்கத்தை மறைமுகமாகச் சாடுவன. சமூக வரலாற்று நோக்கில் மூன்று செய்திகள் இவற்றால் புலனாகின்றன. ஒன்று, சிறு குழந்தையைப் பல கோயில்களுக்கும் அழைத்துச் சென்று வலம் வரச் செய்யும் வழக்கம் இருந்தது. இரண்டு, வளமான இல்லங்களில் அப்பணி ஏவலருக்குரியதாக இருந்தது. மூன்று, குழந்தை வீட்டைவிட்டு வெளியே சென்ற நேரம் தாய்க்குக் கவலைக்குரிய நேரமாக இருந்தது. பால் கட்டிய மார்பு என்னும் குறிப்பு, குழந்தை இன்னும் பால் மறவாத வயதினது என்பதையும், பசிக்கும் பொழுது கடந்துவிட்டது என்பதையும் ஒருசேரத் தெரிவிக்கிறது. பாலுண்ணும் குழந்தையை வெளியே அனுப்பிய தாயின் காலக்கணக்கு இது. கோயிலும் கடவுளும் இங்கே பின்னணியாகின்றன, முன்னிற்பது காத்திருத்தலே.

மணிமேகலையின் வீதிக்காட்சி

இவ்வாய்வின் நடுவணாக அமையும் சான்று மணிமேகலையில் உள்ளது. அந்நூலின் முதற்காதையான விழாவறை காதையில், இருபத்தெட்டு நாள் நடைபெறும் இந்திரவிழாவை முரசறைவோன் நகருக்கு அறிவிக்கிறான். வீதிகளில் பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்புதல், தோரணம் கட்டுதல் முதலிய ஏற்பாடுகளோடு, பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறும் அவன் அறிவுறுத்துகிறான். கூட்டத்தில் அமைதி காக்கப்பட வேண்டும் என்னும் இவ்வறிவிப்பு விழா மேலாண்மை குறித்த பழைய சான்றுகளுள் ஒன்றாகும்.

மூன்றாம் காதையான மலர்வனம் புக்க காதையில் மணிமேகலையும் சுதமதியும் விழா வீதி வழியே உவவனம் செல்கின்றனர். வீதியில் மக்கள் கூடி நின்று காணும் காட்சிகளைச் சாத்தனார் வரிசைப்படுத்துகிறார். கள்ளுண்டவன் ஒருவன் சமணத் துறவியை வழிமறித்துப் பேசுகிறான், பித்தன் ஒருவன் தன்போக்கில் ஆடியும் அழுதும் திரிகிறான், பேடிக்கூத்து நடைபெறுகிறது, மாடங்களின் சுவரில் உள்ள ஓவியங்களைச் சிலர் கண்டு நிற்கின்றனர். இந்நிரலின் இறுதியில் குழந்தைகள் வருகின்றனர்.

நடைபழகாத அக்குழந்தைகளின் தோற்றம் மிக நுணுக்கமாகத் தரப்படுகிறது. உச்சியில் நெய்யோடு வெண்சிறுகடுகு அப்பப்பட்டுள்ளது. தலையில் பொற்பிறை தாழ்கிறது. பொருள் விளங்காத மழலையோடு சிந்தும் வாய்நீர் மார்பிலுள்ள ஐம்படைத் தாலியை நனைக்கிறது. இடையில் கட்டிய துகில் மறைக்க வேண்டியதை மறைக்கவில்லை. இக்குழந்தைகளைப் பெண்டிர் சிலர், பொன்னாலான சிறுதேரின்மேல் அமைந்த யானையின்மீது ஏற்றி வைத்து, ஆலின்கீழ் அமர்ந்த இறைவனின் மகனுக்குரிய விழாவின் தொடக்கத்தைக் காணுமாறு கூறுகின்றனர். அதனையும் மக்கள் சூழ்ந்து நின்று காண்கின்றனர்.

இவ்விடத்தில் ‘காண்மினோ’ என்னும் ஏவற்பன்மை வினை யாரை நோக்கியது என்பது ஆராயத்தக்கது. இரு வகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு. குழந்தைகளை உயரத்தில் ஏற்றி, அவர்களை நோக்கி விழாவைக் காணுங்கள் என்று பெண்டிர் கூறுவதாகக் கொள்ளலாம். கூட்டத்தில் சிறு குழந்தைக்குப் பிறர் கால்களே தெரியும். உயர்த்திப் பிடித்தால்தான் விழாத் தெரியும். இன்று தோளில் ஏற்றிக் காட்டும் வழக்கத்தின் முன்னோடியாக இதனைக் கருதலாம். மற்றொரு பொருளில், யானைமேல் அமர்ந்த குழந்தையே யானை ஊர்தியை உடைய முருகனாகத் தோன்ற, இதோ முருகனின் விழாத் தொடங்கியது, காணுங்கள் என்று சுற்றி நிற்போரிடம் பெண்டிர் கூறுவதாகவும் கொள்ளலாம். நடைபெறுவது இந்திரவிழா; கூறப்படுவதோ முருகன் விழா. இம்முரண் இரண்டாம் பொருளுக்கு வலுச் சேர்க்கிறது. நகரம் எடுத்த விழாவினுள் பெண்டிர் தமக்கென ஒரு சிறு விழாவை எடுத்துக் கொள்கின்றனர். அதற்குக் குழந்தையே தெய்வம்.

இவ்விரு பொருளுள் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளவேண்டியதில்லை. முதற்பொருளில் குழந்தை காண்போன். இரண்டாம் பொருளில் காட்சிப்பொருள். தொடர் இரண்டுக்கும் இடங்கொடுக்குமாறே அமைந்துள்ளது. அதற்குமேல், இக்காட்சி வைக்கப்பட்ட இடமும் கருதத்தக்கது. துறவை நோக்கிச் செல்லும் மணிமேகலை, தாய்மையின் இம்மகிழ்ச்சியைக் கடந்துதான் மலர்வனம் செல்கிறாள். அவள் விடுத்துச் செல்லும் உலகின் கடைசிக் காட்சிகளுள் ஒன்றாகக் குழந்தை நிற்கிறது. களிமகனையும் பித்தனையும் துறப்பது எளிது. இதனைத் துறப்பது அவ்வளவு எளிதன்று என்று சாத்தனார் குறிப்பாக உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

காப்பணிகளும் அச்சமும்

மேற்கண்ட காட்சியில் அணி என்று தோன்றுவனவற்றுள் சில உண்மையில் காப்பு. உச்சியில் அப்பிய வெண்சிறுகடுகாகிய ஐயவி, தீய ஆற்றல்களை விலக்கும் என்று நம்பப்பட்டது. சங்கு, சக்கரம், வாள், தண்டு, வில் என்னும் ஐந்து படைக்கலங்களின் வடிவம் பொறித்த ஐம்படைத் தாலியும் அத்தகையதே. புறநானூறு 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், நெடுஞ்செழியன் தாலியைக் களையாத இளம்பருவத்திலேயே போர்க்களம் புகுந்ததை வியந்து பாடுகிறார். தாலி களையப்படும் வரை அவன் பிறரால் காக்கப்பட வேண்டியவன் என்பது அவ்வியப்பின் உட்பொருள்.

பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடிய திருமொழியில் காப்பிடுதல் தனியொரு பதிகமாகவே அமைந்துள்ளது. திருவெள்ளறையைச் சார்த்திப் பாடப்பட்ட அப்பதிகத்தில், அந்திப்பொழுதில் மன்றில் நில்லாது காப்பிட வருமாறு தாய் அழைக்கிறாள். மக்கள் கூடும் பொதுவிடமும், ஒளி மங்கும் பொழுதும் குழந்தைக்கு இடர் தருவன என்னும் எண்ணம் இதில் வெளிப்படை. மதுரைக்காஞ்சியில் தாயர் குழந்தையோடு வெளிப்பட்ட அதே அந்தி, இங்கே குழந்தையை வீட்டுக்குள் அழைக்கும் அந்தியாகிறது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. ஏந்திச் செல்லும்போது அந்தி வழிபாட்டுக்குரியது. தனித்து நிற்கும்போது அச்சத்துக்குரியது. குழந்தையை இடர்ப்படுத்துவது பொழுதோ இடமோ மட்டும் அன்று, காப்போர் இன்மையே என்பது இதனால் தெளிவாகிறது.

பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாறும் இவ்வகையில் மறுவாசிப்புக்கு உரியது. மூன்று வயதுக் குழந்தை, குளிக்கச் செல்லும் தந்தையை விடாது பின்தொடர்கிறது. தந்தையாகிய சிவபாதவிருதயர் அழைத்துச் சென்று குளக்கரையில் நிறுத்தி நீரில் மூழ்குகிறார். அவரைக் காணாத குழந்தை அழுகிறது. தந்தை கண்ணுக்கு மறைந்த சிறு இடைவெளியில்தான் அம்மையப்பரின் அருள் நிகழ்கிறது. பரிபாடலின் பேதை கூவியபோது மறுமொழி கூறியது வெறும் எதிரொலி. சீகாழியில் குழந்தை அழுதபோது மறுமொழி கூறியது இறைமை. பேதையின் குரலுக்குப் பக்தி இலக்கியம் அளித்த விடை என்றே இதனைக் கூறலாம். குழந்தையின் அச்சத்தின் பக்கம் கவிஞர் வந்து நிற்பது சேக்கிழாரிடம்தான் முழுமையாகக் காணலாகிறது.

இலக்கிய வகைகளில் குழந்தை

இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருவதைப் பாடும் உலா இலக்கியத்தில் விழாக் காண்போர் ஏழு பருவ மகளிராக வகுக்கப்பட்டனர். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலா இவ்வகைக்கு முதல் நூல். இவ்வமைப்பில் பேதை தொடக்கத்தில் நிற்கிறாள். பேரிளம்பெண் இறுதியில் நிற்கிறாள். மதுரைக்காஞ்சியில் பள்ளிக்குக் குழந்தைகளை ஏந்தி வந்தோரும் பேரிளம்பெண்டிர் என்றே கூறப்படுகின்றனர். ஆனால் அங்கே தாயும் சேயும் ஒருங்கே நின்றனர். உலாவில் இருவரும் தனித்தனிக் கண்ணிகளில் பிரிக்கப்பட்டு, காதல் என்னும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். பாவையும் சிற்றிலும் கொண்டு விளையாடும் பேதை, காமம் அறியாதவள் என்றே எதிர்மறையால் வருணிக்கப்படுகிறாள். விழாவைக் குடும்பமாகக் கண்ட பழைய காட்சி இவ்விலக்கிய வகையில் மறைந்துபோகிறது.

பிள்ளைத்தமிழில் நிலை வேறு. குழவிப் பருவத்தைப் பாடுபொருளாக்க இடந்தரும் தொல்காப்பியப் புறத்திணையியல் நூற்பாவை அடியாகக் கொண்டு வளர்ந்த இவ்வகையில், ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இன்று கிடைப்பவற்றுள் முதலாவது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர் உருட்டல். சிறுதேரோ மிகப் பழைமையான விளையாட்டுப் பொருள். பட்டினப்பாலையில் புதல்வரின் மூன்று கால் சிறுதேர் பேசப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலும் குறுந்தொகை 61ஆம் பாடலிலும் தச்சர் செய்த விளையாட்டுத் தேர் வருகிறது. திருநாவலூரில் சுந்தரர் குழந்தையாகத் தெருவில் சிறுதேர் உருட்டியபோதே நரசிங்கமுனையரையர் அவரைக் கண்டு விரும்பி வளர்ப்பு மகனாகக் கொண்டார் என்பது பெரியபுராணச் செய்தி. கோயில் தேர்த்திருவிழா பெருகிய காலத்தில், வீதியில் கண்ட பெருந்தேரை வீட்டு முற்றத்தில் சிறுதேராக உருட்டி விளையாடியிருப்பர் என்று கருதுவதில் தவறில்லை. விழா முடிந்த பின்னும் குழந்தையிடம் விழா தொடர்வது விளையாட்டின் வழியாகவே.

அழைத்துச் செல்ல இயலாதோர்

இதுவரை கண்ட குழந்தைகள் மதாணியும் பொற்பிறையும் அணிந்தோர். எல்லாக் குழந்தைகளுக்கும் விழா வீதி திறந்திருந்ததா என்னும் வினாவை விலக்கி இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையன்று. பிற்காலத்தில் சாதியின் பெயரால் கோயிலும் கோயிலைச் சூழ்ந்த வீதியும் மக்களுள் ஒரு பெரும்பகுதியினருக்கு மூடப்பட்டன. 1924 மார்ச் 30ஆம் நாள் தொடங்கி 1925 நவம்பர் வரை நீண்ட வைக்கம் போராட்டம், கோயிலுள் புகுவதற்காக அன்று, கோயிலைச் சூழ்ந்த பொதுச்சாலைகளில் நடப்பதற்காக நிகழ்ந்தது. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12இல் வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனமும், 1939 சூலை 8இல் அ. வைத்தியநாதையர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசமும் அதன் பின்னரே வந்தன. 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது.

இந்நிகழ்வுகள் வழிபாட்டுரிமை வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளன. குழந்தை நோக்கிலும் இவற்றை எழுத இடமுண்டு. விலக்கப்பட்ட பெற்றோர், முரசொலி கேட்கும் தொலைவில் நின்று, அங்கே ஏன் போகக்கூடாது என்று வினவும் குழந்தைக்கு விடை கூற வேண்டியிருந்தது. சாதி என்பதை ஒரு குழந்தை முதன்முதலில் அறிந்துகொள்ளும் இடங்களுள் விழாவும் ஒன்றாக இருந்தது. எனவே கோயில் நுழைவு என்பது பெரியோர் பெற்ற உரிமை மட்டும் அன்று. தம் குழந்தையைத் தோளில் ஏற்றி விழாக் காட்டும் உரிமையும் ஆகும்.

ஆற்றுகாலும் அண்மைக்கால வினாக்களும்

திருவனந்தபுரம் ஆற்றுகால் பகவதி கோயில், கண்ணகி வரலாற்றோடு தொடர்புடையதாகப் போற்றப்படுவது. கும்ப மாதத்தில் பத்து நாள் நடைபெறும் பொங்காலை விழாவில் காப்புக்கட்டுதலைத் தொடர்ந்து, கண்ணகி கதையைக் கூறும் தோற்றம்பாட்டுப் பாடப்படுகிறது. ஒன்பதாம் நாள் பொங்காலை. நகரத் தெருக்களில் இலட்சக்கணக்கான பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். 1997இலும் 2009இலும் பெண்கள் மிகுதியாகக் கூடும் விழாவாக இது கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. சிலப்பதிகாரக் கதை வாய்மொழியாக வாழும் இவ்விழா தமிழாய்வாளர் கவனத்துக்கு என்றும் உரியது.

இவ்விழாவில் குழந்தைகள் காண்போர் மட்டும் அல்லர். சிறுமியர் விளக்கும் பூவும் வைத்த தட்டுகளை ஏந்தித் தாலப்பொலியில் செல்கின்றனர். சிறுவர்கள் குத்தியோட்டம் என்னும் நேர்ச்சையில் பங்கேற்கின்றனர். ஏழு நாள் கோயிலில் தங்கி, 1008 முறை விழுந்து வணங்கி, இறுதியில் விலாப்பகுதியில் மெல்லிய உலோகக் கம்பி கோக்கப்பட்டு ஊர்வலத்தில் செல்வது அந்நேர்ச்சையின் முறை. தேவியின் படைவீரர்களாக அவர்கள் கருதப்படுகின்றனர். 2018 பிப்ரவரியில் இவ்வழக்கம் குறித்துக் கேரளத்தில் பெரும் விவாதம் எழுந்தது. மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் தானே முன்வந்து வழக்குப் பதிவு செய்தது. பெற்றோர் விருப்பத்தோடும் பக்தியோடும் நிகழும் மரபு என்று ஒரு சாராரும், குழந்தையின் இசைவு என்பது எவ்வாறு அறியப்பட்டது என்று மறுசாராரும் வாதிட்டனர்.

இவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலை அன்று. எனினும் மேற்கண்ட இலக்கியச் சான்றுகள் இவ்வினாவுக்குப் பின்புலம் தருகின்றன. மலராக ஏந்தப்பட்ட மதுரைக் குழந்தையும், யானைமேல் தெய்வமாக ஏற்றப்பட்ட புகார்க் குழந்தையும், தேவியின் வீரனாகக் கோலம் கொள்ளும் ஆற்றுகால் சிறுவனும் ஒரே மரபின் படிநிலைகள். குழந்தையைக் காட்சிப்பொருளாக்குவது புதியது அன்று. ஆனால் மழலை பேசும் குழந்தையைச் சிறுதேரில் அமர்த்துவதற்கும் உடலில் நோவு ஏற்கச் செய்வதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. அதனை எங்கே வரைவது என்பதை மரபு தானே முடிவு செய்யாது. மரபைக் கையாள்வோர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

கூட்டத்தின் இடரும் இன்று வேறு அளவினது. 1992 பிப்ரவரி 18இல் கும்பகோணம் மகாமகத்தில் நிகழ்ந்த நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தனர். 2005 சனவரியில் மகாராட்டிரத்தின் மாந்தர்தேவி கோயிலில் முந்நூறு பேர் அளவில் உயிரிழந்தனர். 2010 மார்ச் 4இல் உத்தரப்பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில், இலவச உடையும் உணவும் வழங்கப்பட்ட நிகழ்ச்சியில் நேர்ந்த நெரிசலில் இறந்த 63 பேரும் பெண்களும் குழந்தைகளுமே. குழந்தைகளே அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர். உயரம் குறைந்தவருக்கு முதலில் மூச்சடைக்கும் என்பதும், குழந்தையைத் தூக்கியவருக்குத் தடுமாறும்போது பற்றிக்கொள்ளக் கையில்லை என்பதும் கூட்ட மேலாண்மையின் தொடக்கப் பாடங்களாக இருக்க வேண்டியவை.

ஆறுதல் தரும் முயற்சிகளும் உள. பிரயாகையில் 1946ஆம் ஆண்டு முதல் இராசாராம் திவாரி நடத்திவந்த முகாம், மாகமேளாவிலும் கும்பமேளாவிலும் வழிதவறியோரை ஒலிபெருக்கியில் பெயர் கூறி அழைத்து உற்றாரோடு சேர்த்து வந்தது. 2016இல் அவர் மறைந்தார். சபரிமலையில் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கேரளக் காவல்துறையினர் கட்டி அனுப்புகின்றனர். ஐம்படைத் தாலி தெய்வத்தின் காவலை நாடியது. இப்பட்டை மனிதரின் காவலை நாடுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே கவலை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. சிறு குழந்தைகளை வழிபாட்டுக்கும் விழாவுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கத்துக்குப் பழந்தமிழ் நூல்களில் நேரடிச் சான்றுகள் உள்ளன. தாயர் மட்டுமன்றி ஏவலரும் இப்பணியைச் செய்தனர்.

2. விழாவில் குழந்தை காண்போனாகவும் காட்சிப்பொருளாகவும் அமைகிறது. மணிமேகலையின் வீதிக்காட்சி இவ்விரண்டையும் ஒரே தொடரில் காட்டுகிறது.

3. விழாக் கூட்டத்தில் குழந்தை வழிதவறுதல் பரிபாடல் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அதனை நகைச்சுவையாகக் கண்ட நோக்கு, பக்தி இலக்கியத்தில் பரிவாக மாறுகிறது.

4. காப்பணிகள் அழகுக்காக மட்டும் அணிவிக்கப்பட்டவை அல்ல. பொதுவிடத்துக்குக் குழந்தையைக் கொண்டு செல்வதில் இருந்த அச்சத்தின் வெளிப்பாடு அவை.

5. குழந்தைக்கு விழாக் காட்டும் உரிமை எல்லாப் பெற்றோருக்கும் இருந்ததில்லை. கோயில் நுழைவு வரலாற்றை இக்கோணத்திலும் எழுத வேண்டியுள்ளது.

விழாக்கள் குறித்த கல்வெட்டுச் சான்றுகளையும், தோற்றம்பாட்டு, தாலாட்டு முதலிய வாய்மொழி மரபுகளையும் குழந்தை நோக்கில் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். பரங்குன்றத்தில் கூவிய பேதைக்கு அவள் சுற்றத்தார் மறுமொழி கூறினரா என்பதைப் பாடல் சொல்லவில்லை. இன்று கூவும் குழந்தையின் குரல் எதிரொலியாக மட்டும் திரும்பாதிருக்கச் செய்வது, விழா எடுப்போர், காவல் புரிவோர், அழைத்துச் செல்வோர் அனைவரின் கடமையாகும்.